திருட்டுப் படத்தோட வந்த ஆய்வுக் கட்டுரையை எடுக்கச் சொல்லி 14 மாசமா கேட்டுட்டு இருக்கேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் சேலத்துல ஒரு காலேஜ்ல கௌரவ விரிவுரையாளரா இருக்கேன், சப்ஜெக்ட் கெமிஸ்ட்ரி. எங்க வீட்ல அப்பா காலத்துல இருந்தே உங்க பேப்பர்தான். அட்மிஷன் சீசன் வந்துட்டா கல்விப் பக்கம் பூரா காலேஜ் விளம்பரமா வருது, இந்த வருஷம் இத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டோம், இத்தனை இன்டர்நேஷனல் ஜர்னல்ல வந்திருக்குன்னு பெருசு பெருசா நம்பர் போடறாங்க. அந்த நம்பருக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு நடந்த ஒண்ணை வெச்சு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சு இப்பத்தான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போயிரும், முடிஞ்ச வரைக்கும் வெட்டாம போடுங்க.

போன வருஷம் தைப்பொங்கல் முடிஞ்ச வாரம் ஆத்தூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க காலேஜுக்கு வந்தாருங்க. அவங்க அப்பா சின்னதா ஒரு சேகோ ஃபேக்டரி, அதாவது ஜவ்வரிசி ஆலை நடத்தறாரு. நம்ம ஊர்ல குச்சிக்கிழங்கு அரைச்சு பால் எடுத்த பின்னாடி மிஞ்சற நார்ச்சக்கைக்கு திப்பின்னு பேரு, வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது, காய வெச்சு மாட்டுத் தீவனத்துக்கு வித்துருவாங்க. என்னோட பிஎச்டியே அந்தத் திப்பி மேலதான். அதுல சுமாரா பாதி அளவுக்கு ஸ்டார்ச்சு இன்னும் ஒட்டிட்டு இருக்கும், அதை வெச்சு மக்கற பொருள் ஏதாவது செய்ய முடியுமான்னு அஞ்சு வருஷம் பார்த்தேன். யாரோ சொல்லி அந்தத் தம்பி என்னைத் தேடி வந்திருக்காரு. கையில ஒரு பிரிண்ட் அவுட், ஒரு ஜர்னல்ல வந்த கட்டுரை. "மேடம், இதுல திப்பியில சாப்பாட்டுத் தட்டு பண்ணலாம், தண்ணியில ஊறாதுன்னு போட்டிருக்காங்க, நானும் இதே மாதிரிதான் பண்றேன், அரை மணி நேரத்துல கஞ்சியாப் போயிருது, எங்க தப்பு பண்றேன்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னாரு.

நானும் ஆசையாத்தான் வாங்கிப் புரட்டினேன். நம்ம ஊர் திப்பியைப் பத்தி யாரோ எழுதியிருக்காங்களேன்னு ஒரு சந்தோஷம். அஞ்சாவது பக்கத்துல ஒரு எஸ்இஎம் போட்டோ, அதாவது எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல எடுத்தது. பார்த்த உடனே கை அப்படியே நின்னுருச்சுங்க. அது என் படம்.

எப்படி என் படம்னு தெரியும்னு கேப்பீங்க. பெத்த பிள்ளை முகம் மாதிரிதான். 2015 செப்டம்பர்ல எடுத்தது அது, எங்க காலேஜ்ல அந்த மெஷின் கிடையாது, சின்ன டப்பாவுல சாம்பிளைப் போட்டு, ஈரம் ஏறக்கூடாதுன்னு சிலிக்கா ஜெல் பொட்டலம் வெச்சு, காலையில அஞ்சு மணி பஸ்ல கோயமுத்தூர் போய், ஒரு லேப்ல நாள் பூரா உக்காந்து, தங்கத்தை மெலிசாப் பூசி உள்ள வெச்சு எடுத்தது. அதுல ஒரு ஸ்டார்ச்சு துகள் கடிச்ச கொய்யாப்பழம் மாதிரி ஒரு பக்கம் உடைஞ்சு நிக்கும், அதுக்குப் பக்கத்துல ஒரு நார் 'ட' எழுதின மாதிரி வளைஞ்சு கிடக்கும். எத்தனையோ ராத்திரி பார்த்த படம். இந்தக் கட்டுரையில அதே கொய்யாப்பழம், அதே நார், ஆனா கண்ணாடியில பார்த்த 'ட' மாதிரி திரும்பி இருக்கு. படத்தை இடம் வலமா மாத்திப் போட்டுட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிருக்காங்க. அடியில மெஷின் தானாவே அச்சடிக்கற ஒரு பட்டை இருக்கும், எத்தனை வோல்டேஜ், எவ்வளவு பெருக்கம், என்ன தேதின்னு எல்லாம் அதுல இருக்கும், அதை வெட்டிட்டாங்க. வெட்டிட்டு அவங்களா ஒரு அளவுகோல் கோடு போட்டு 100 மைக்ரான்னு எழுதியிருக்காங்க. ஒரிஜினல்ல அந்த நீளம் 10 மைக்ரான். அவங்க கோட்டை வெச்சு அளந்தா அந்த உடைஞ்ச துகள் 140 மைக்ரான் வருது. குச்சிக்கிழங்கு ஸ்டார்ச்சு துகள் பெரும்பாலும் 5ல இருந்து 35 மைக்ரான் வரைக்கும்தான் இருக்கும், நாம அன்னாடம் பாக்கறதுல உருளைக்கிழங்குதான் பெருசு, அதுவே 100 மைக்ரானை ஒட்டித்தான் வரும். ஸ்டார்ச்சு பத்தி ஒரு புக்காவது படிச்ச ஆள் அந்தக் கட்டுரையை அச்சுக்கு முன்னாடி பார்த்து ரிவியூ பண்ணியிருந்தா அந்தப் படத்துலயே நிறுத்தியிருப்பாரு. ரிவியூன்னு ஒண்ணு நடக்கவே இல்லன்னுதான் எனக்குத் தோணுது.

இதுல பெரிய கொடுமை என்னன்னா, என் படம் பச்சைத் திப்பியோட படம்ங்க. எந்த ட்ரீட்மென்ட்டும் பண்றதுக்கு முன்னாடி எடுத்தது, துகளெல்லாம் தனித்தனியா நார்ல ஒட்டிட்டு இருக்கும். அவங்க அதைப் போட்டு, எங்க முறையில பதப்படுத்தின பின்னாடி மேற்பரப்பு இப்படி ஆகுது, அதனால தண்ணி உறிஞ்சாதுன்னு கீழ விளக்கம் எழுதியிருக்காங்க. பச்சைத் திப்பி தண்ணியைப் பார்த்தா ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சும், இது சேகோ ஃபேக்டரியில கூலிக்கு வேலை பாக்கற அக்காவுக்குக் கூடத் தெரியும். அப்ப அந்தப் படம் மட்டும் திருட்டு இல்ல, அதுக்குக் கீழ இருக்கற டேபிளு, இழுவிசை இவ்வளவு, தண்ணி உறிஞ்சறது இவ்வளவு சதவீதம்ங்கறதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?

அந்தத் தம்பிகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அவரு அதுக்குள்ள தட்டு அச்சுக்கு டை அடிச்சுட்டாரு, ஒரு பழைய ஹைட்ராலிக் பிரஸ் வாங்கிட்டாரு, அப்பாகிட்ட சண்டை போட்டு சங்கத்துல கடன் வாங்கின பணம். "தம்பி, உங்க மேல தப்பு இல்ல, இந்தக் கட்டுரையே தப்பு"ன்னேன். அவருக்குப் புரியல. "அச்சுல வந்திருக்கே மேடம்"ன்னாரு. அந்த ஒரு வார்த்தை இன்னும் என் காதுல கேட்டுட்டு இருக்குங்க.

என் படம் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சிருக்கும்ங்கறது ஒண்ணும் ரகசியம் இல்ல. பிஎச்டி தீசிஸ் எல்லாம் ஷோத்கங்கான்னு ஒரு தளத்துல ஏத்திருவாங்க, யார் வேணாலும் இறக்கிப் படிக்கலாம். அது நல்ல விஷயம், அப்படித்தான் இருக்கணும், அதை மூடணும்னு நான் சொல்லவே மாட்டேன். திறந்து வெச்ச வீட்ல திருடினா திருடினவன் மேலதான் கேஸ்.

அன்னைக்கு ராத்திரியே ஜர்னல் எடிட்டருக்கு மெயில் எழுதினேன். என் தீசிஸ் பக்கம், மெஷின்ல இருந்து வந்த ஒரிஜினல் பட ஃபைல், தேதியோட லேப் பில், ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வட்டம் போட்டது, எல்லாம் இணைச்சேன். மெயில் கிடைச்சதுன்னு ஒரு ஆட்டோமேடிக் பதில் வந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு மறுபடி எழுதினேன். மூணாவது மாசம் ஒரு வரி வந்துச்சு, ஆத்தர்ஸ்கிட்ட கேட்டிருக்கோம், அவங்க பதில் சொன்னதும் சொல்றோம்னு. அதோட சரி. ஆத்தர்ஸ் பதிலே சொல்லலன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன், அதுக்கு பதில் இல்ல.

இதுக்கெல்லாம் முறை இல்லாம இல்லைங்க. 1997ல இங்கிலாந்துல சில மெடிக்கல் ஜர்னல் எடிட்டருங்க சேர்ந்து கோப்ன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, பதிப்பு நெறிமுறைக்கான கமிட்டி. இன்னைக்கு உலகம் பூரா ஆயிரக்கணக்கான ஜர்னல் அதுல மெம்பர். புகார் வந்தா எடிட்டர் என்ன பண்ணணும்னு படிப்படியா படம் போட்டே வெச்சிருக்காங்க. முதல்ல புகார் வந்துச்சுன்னு ஒத்துக்கணும், ஆத்தர்கிட்ட மூல டேட்டா கேக்கணும், பதில் வரலன்னா இல்ல திருப்தியா இல்லன்னா அவர் வேலை பாக்கற நிறுவனத்துக்கு எழுதணும், அங்கயும் இழுத்தடிச்சா அவங்களை விடாம கேட்டுட்டே இருக்கணும், நடுவுல படிக்கறவங்களுக்குத் தெரியற மாதிரி இந்தக் கட்டுரை மேல சந்தேகம் இருக்குன்னு ஒரு அறிவிப்பு போடலாம், தப்புன்னு உறுதியானா திரும்பப் பெறணும். ஆத்தர் வாயைத் திறக்கலன்னா கிணத்துல போட்ட கல்லா விட்டுரணும்னு எங்கயும் இல்ல. அந்த ஜர்னல் வெப்சைட்லயும் கோப் சின்னம் பளிச்சுன்னு ஒட்டி வெச்சிருந்தாங்க. சரி, அங்கயே முறையிடலாம்னு கோப் மெம்பர் லிஸ்ட்ல தேடினா அந்த ஜர்னல் பேரே இல்ல. சின்னத்தை மட்டும் எடுத்து ஒட்டியிருக்காங்க. படத்தைத் திருடினவங்க கட்டுரையை சின்னத்தைத் திருடினவங்க போட்டிருக்காங்க, நான் யாருகிட்டப் போறது?

அப்புறம் அந்த ஆத்தர்ஸ் வேலை பாக்கற காலேஜுக்கு ரிஜிஸ்டர் தபால்ல எழுதினேன். வெளியூர் காலேஜ், பேரு சொல்ல விரும்பல. பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, 2018ல போட்ட ரெகுலேஷன்படி ஒவ்வொரு காலேஜ்லயும் துறை அளவுல ஒரு நேர்மைக் குழு, நிறுவன அளவுல ஒரு நேர்மைக் குழு இருக்கணும். புகார் வந்தா துறைக் குழு 45 நாள்ல அறிக்கை குடுக்கணும், அதுக்கு மேல நிறுவனக் குழுவுக்கு இன்னொரு 45 நாள். ஆக மொத்தம் மூணு மாசம். அங்க இருந்து வந்த பதில், உங்க கைடு மூலமா முறைப்படி அனுப்புங்கன்னு. அப்படி எந்த ரூல்லயும் இல்ல. ஆனாலும் சரின்னு கைடுகிட்ட போனேன்.

சார் ரிட்டயர்டு ஆகி அஸ்தம்பட்டியில இருக்காரு. நல்ல மனுஷன், எனக்கு ஃபீஸ் கட்ட முடியாதப்ப அவரு கட்டியிருக்காரு, அதை நான் மறக்கல. எல்லாத்தையும் பார்த்துட்டு, "ஏம்மா, உனக்கு டிகிரி வந்துருச்சு, விட்டுடும்மா, நாளைக்கு உன்னை யாரு இன்டர்வியூ எடுப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்"ன்னாரு. அவரு பயப்படறது அவருக்காக இல்ல, எனக்காக. நிரந்தர வேலை இல்லாதவ புகார் குடுத்தா அது அவ மேல ஒரு முத்திரையா ஒட்டிக்கும்னு அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எங்களை மாதிரி எத்தனை பேரு அப்படியே விட்டிருப்பாங்க.

இந்த இடத்துல என்னைப் பத்தியும் ஒண்ணு சொல்லியாகணும், மறைச்சா இந்தக் கடிதம் எழுதறதுக்கு எனக்கு அருகதை இல்ல. என் முதல் கட்டுரையில மூணாவது பேரா அப்போதைய எச்ஓடி, அதாவது துறைத் தலைவர் பேரு இருக்கு. அவரு என் லேப் பக்கமே வந்ததில்ல. போடுன்னு சொன்னாங்க, போட்டேன். மெடிக்கல் ஜர்னல் எடிட்டர்களோட சர்வதேசக் குழு ஆத்தர்ன்னா யாருன்னு நாலு நிபந்தனை சொல்லுது, வேலையில உருப்படியான பங்கு இருக்கணும், எழுதறதுல இல்ல திருத்தறதுல பங்கு இருக்கணும், கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் குடுத்திருக்கணும், நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தா பதில் சொல்லப் பொறுப்பு ஏத்துக்கணும். நாலும் சேர்ந்து இருந்தாத்தான் ஆத்தர். மெடிக்கலுக்குன்னு எழுதினதுதான், ஆனா கெமிஸ்ட்ரிக்கு மட்டும் அது வேற மாதிரியா ஆயிரும்? அந்த மூணாவது பேரு அன்னைக்கு எனக்கு சின்ன விஷயமாத் தெரிஞ்சது. இன்னைக்கு என் படத்தைத் திருடின கட்டுரையில ஆறு பேரு இருக்காங்க, அதுல எத்தனை பேரு அதைப் படிச்சாங்கன்னு நான் கேக்கறப்ப என் பழைய கட்டுரைதான் முதல்ல ஞாபகம் வருது.

நம்ம ஊர்ல நேர்மைன்னா சாஃப்ட்வேர் குடுக்கற சதவீதம்ங்கற நிலைமைக்கு வந்துட்டோம். யுஜிசி ரூல்ல தண்டனை எல்லாம் மத்தவங்க எழுத்தோட எவ்வளவு ஒத்துப்போகுதுங்கற சதவீதத்தை வெச்சுத்தான். 10 சதவீதம் வரைக்கும் ஒண்ணும் இல்ல, 10ல இருந்து 40ன்னா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும், 40ல இருந்து 60ன்னா ஒரு வருஷம் குடுக்கவே முடியாது, 60க்கு மேல போனா ஸ்டூடண்டோட ரெஜிஸ்ட்ரேஷனே கேன்சல். தொடர்ந்து 14 வார்த்தை வரைக்கும் பொதுவான சொற்றொடர் ஒத்துப்போனா கணக்குல சேராது. எல்லாம் சரி, ஆனா அந்த சாஃப்ட்வேருக்குத் தெரிஞ்சது எழுத்து மட்டும்தான். என் படத்தைத் திருப்பிப் போட்ட கட்டுரைக்கு 7 சதவீதம்னு சர்ட்டிஃபிகேட் வெச்சிருக்காங்களாம், அந்தக் காலேஜ்ல இருந்து ஒருத்தர் போன்ல பெருமையா சொன்னாரு. படம் திருட்டு, டேட்டா கட்டுக்கதை, ஆனா சதவீதம் சுத்தம்.

எழுத்தையும் இப்ப ஏமாத்தறாங்க. வேற ஒருத்தர் கட்டுரையை சாஃப்ட்வேர்ல போட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் வேற சொல் மாத்தி எடுக்கறாங்க. 2021ல பிரான்ஸ்ல இருக்கற கியோம் கபனாக், சிரில் லபே ரெண்டு பேரும் அலெக்சாண்டர் மகஸினோவும் சேர்ந்து இதைத் தேடிப் புடிச்சாங்க. ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்ன்னு இருக்க வேண்டிய இடத்துல கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ், பிரெஸ்ட் கேன்சர்ன்னு இருக்க வேண்டிய இடத்துல புஸம் பெரில். மார்பகப் புற்றுநோயை மார்பு ஆபத்துன்னு ஒருத்தர் எழுதியிருந்தா அவரு டாக்டரா இருக்க முடியுமாங்க? ஆனா இதெல்லாம் ரிவியூ தாண்டி அச்சுல வந்திருக்கு. 2023ல மட்டும் ஹிந்தாவிங்கற பதிப்பகம், வைலி கம்பெனி வாங்கினது, 8000க்கு மேல கட்டுரையைத் திரும்பப் பெற்றாங்க. காசுக்குக் கட்டுரை தயார் பண்ணிக் குடுக்கற கூட்டம், ஒருத்தருக்கொருத்தர் ரிவியூ எழுதிக்கிற கூட்டம்னு உள்ள பூந்திருந்தாங்க. நம்ம பக்கத்துலயும் வாட்ஸப்ல தினமும் மெசேஜ் வருது, மூணு நாள்ல பப்ளிஷ், முதல் ஆத்தர் இடம் இவ்வளவு, ரெண்டாவது இடம் இவ்வளவுன்னு பஸ்ல சீட் புக் பண்ற மாதிரி. எங்க ஸ்டாஃப் ரூம்ல அந்த மெசேஜ் வராத போனே கிடையாது.

ஏன் வாங்கறாங்கன்னு கேட்டா வாங்கறவங்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. பிரமோஷனுக்குப் பாயிண்ட், இன்டர்வியூவுல பாயிண்ட், காலேஜ் ரேங்கிங்குக்கு நம்பர். 2022 வரைக்கும் பிஎச்டி தீசிஸ் குடுக்கவே கட்டுரை போட்டிருக்கணும்னு ரூல் இருந்துச்சு, அப்புறம்தான் எடுத்தாங்க, ஆனா பழக்கம் போகல. நல்ல ஜர்னல் எதுன்னு யுஜிசி ஒரு லிஸ்ட் வெச்சாங்க, 2018 மே மாசம் அதுல இருந்து 4305 ஜர்னலைத் தூக்கினாங்க. தூக்கறப்பவே 4305ன்னா அதுக்கு முன்னாடி அதுல கட்டுரை போட்டு வேலை வாங்கினவங்க கணக்கை யாரு பார்த்தா? அப்புறம் கேர் லிஸ்ட்ன்னு கொண்டு வந்தாங்க, அதையும் 2025ல நிறுத்திட்டு, இனிமே காலேஜே பார்த்து முடிவு பண்ணிக்கோங்கன்னுட்டாங்க. லிஸ்ட் வரும் போகும். புகார் குடுத்தா என்ன ஆகுதுங்கறதுதான் எனக்கு முக்கியமாப் படுது.

உலகத்துல இது எப்படி நடக்குதுன்னு பார்த்தா ரெண்டு விதமும் இருக்குங்க. 1998ல லான்செட்ங்கற மெடிக்கல் ஜர்னல்ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டுன்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும் 12 குழந்தைங்களை வெச்சு ஒரு கட்டுரை எழுதினாங்க, தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு. பிரையன் டீர்ங்கற பத்திரிகைக்காரர்தான் வருஷக்கணக்கா தோண்டி அந்த டேட்டாவே சரியில்லன்னு வெளிய கொண்டு வந்தாரு. கவனிங்க, ஒரு பத்திரிகைக்காரர். 2010லதான் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுச்சு. 12 வருஷம். அதுக்குள்ள எத்தனை தாய்மாருங்க பயந்து ஊசி போடாம விட்டாங்க, அந்தப் பயம் இன்னைக்கும் நம்ம குடும்ப வாட்ஸப் குரூப் வரைக்கும் சுத்துது. அதே லான்செட்ல 2020 மே 22ந்தேதி கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை பத்தி ஒரு கட்டுரை, சர்ஜிஸ்ஃபியர்ங்கற கம்பெனி குடுத்த டேட்டா. நிறைய பேரு அந்த டேட்டாவைக் காட்டுங்கன்னு கேட்டாங்க, கம்பெனி காட்டல, மத்த மூணு ஆத்தருங்க டேட்டாவை எங்களால உறுதிப்படுத்த முடியலன்னு சொல்லி ஜூன் 4ந்தேதி திரும்பப் பெற்றாங்க. 13 நாள். மனசு இருந்தா 13 நாள்ல முடியுது. எனக்கு 14 மாசம் ஆச்சு.

திரும்பப் பெறறதுன்னா மானம் போயிரும்னு நினைக்கறாங்க, அதனாலதான் மூடி மறைக்கறாங்க. 2018ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்கின பிரான்செஸ் அர்னால்டு, 2019ல சயன்ஸ் ஜர்னல்ல வந்த தன்னோட கட்டுரையில சோதனையைத் திரும்பச் செஞ்சா அதே முடிவு வரல, லேப் நோட்டுல சில பதிவு இல்லன்னு தெரிஞ்சதும் 2020 ஜனவரி மாசம் ஆரம்பத்துலயே கட்டுரையைத் திரும்பப் பெற்று, நான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்னு எல்லாருக்கும் முன்னாடி மன்னிப்பு கேட்டாங்க. அவங்க மேல எனக்கு மரியாதை கூடித்தான் போச்சு. என் பசங்களுக்கு லேப் நோட்டு எப்படி எழுதணும்னு சொல்லிக் குடுக்கறப்ப இந்தக் கதையைத்தான் ஒவ்வொரு வருஷமும் முதல் கிளாஸ்ல சொல்றேன்.

நம்ம சேலத்துல ஜவ்வரிசியில மக்காச்சோள மாவு கலந்தா என்ன ஆகும்? புகார் போகும், உணவுப் பாதுகாப்புத் துறை வந்து சாம்பிள் எடுக்கும், மூட்டைக்கு சீல் வெக்கும், உங்க பேப்பர்லயே ஃபேக்டரி எந்த ஊருன்னு செய்தி வரும். ஜவ்வரிசி ஆலைக்காரங்களோட கூட்டுறவு சங்கமான சேகோசர்வுக்கு வர்ற மூட்டையில சாம்பிள் எடுத்துப் பாக்கறாங்க. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சதே அந்தப் பேரைக் காப்பாத்தறதுக்குத்தான். ஒரு மூட்டை மாவுக்கு இருக்கற சோதனை ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு இல்லைங்கறது எனக்குத் தாங்கல. கலப்பட ஜவ்வரிசி ஒரு வீட்டுப் பாயசத்தோட முடிஞ்சுரும், கலப்படக் கட்டுரையைப் படிச்சு இன்னொருத்தர் கட்டுரை எழுதுவாரு, அதைப் படிச்சு இன்னொருத்தர் மெஷின் வாங்குவாரு.

அதனால நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லைங்க. ஒவ்வொரு காலேஜும் அந்த நேர்மைக் குழுவுல யாரு யாரு இருக்காங்க, புகாரை எந்த மெயிலுக்கு அனுப்பணும்னு வெப்சைட்ல வெளிப்படையாப் போடணும், போட்டு அந்த 45 நாளை மதிக்கணும். புகார் குடுக்கறது கௌரவ விரிவுரையாளரா, ஸ்டூடண்டா, வெளியாளான்னு பாக்காம ஆதாரத்தை மட்டும் பாக்கணும், பேரு வெளிய தெரிய வேண்டாம்னு சொன்னா மறைச்சு வெக்கணும். பிஎச்டி வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு நடக்கறப்ப எழுத்துக்குச் சதவீதம் பாக்கற மாதிரி படத்துக்கும் கிராஃபுக்கும் ஒரிஜினல் ஃபைலைக் காட்டுன்னு கேக்கணும், பென் டிரைவ்ல கொண்டு வந்து காட்ட அஞ்சு நிமிஷம் ஆகாது. தானா முன்வந்து என் கட்டுரையில தப்பு இருக்குன்னு சொல்றவங்களைத் தண்டிக்காதீங்க, அவங்களையும் திருடனையும் ஒரே தராசுல வெச்சா அப்புறம் யாரும் வாயே திறக்க மாட்டாங்க. உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள். இத்தனை கட்டுரை வெளியிட்டோம்னு எந்தக் காலேஜ் செய்தி குடுத்தாலும், இதுவரைக்கும் எத்தனை கட்டுரையைத் திரும்பப் பெற்றீங்க, எத்தனை புகார் வந்துச்சு, என்ன பண்ணுனீங்கன்னு உங்க நிருபர் ஒரு கேள்வி சேர்த்துக் கேக்கட்டும். 2010ல இருந்தே ரிட்ராக்ஷன் வாட்ச்ன்னு ஒரு தளத்துல இவான் ஒரான்ஸ்கி, ஆடம் மார்கஸ்ன்னு ரெண்டு பத்திரிகைக்காரங்க ஆரம்பிச்சு இதையே வேலையா செஞ்சுட்டு இருக்காங்க, அவங்க டேட்டாபேஸ் இப்ப யாரு வேணாலும் இலவசமா பாக்கலாம், காலேஜ் பேரைப் போட்டுத் தேடினாலே வந்துரும்.

ஆத்தூர் தம்பி போன வாரம் போன் பண்ணினாருங்க. பிரஸ்ஸை பாதி விலைக்குத் தள்ளி விட்டுட்டாராம், டை மட்டும் செட்டுல கிடக்காம், இரும்பு விலைக்குத்தான் போகுமாம். அதைச் சொல்லிட்டு, "மேடம், அது பொய்னு அதுலயே எழுதிட்டாங்களா? நம்ம பக்கம் இன்னொருத்தரும் அதே பேப்பரைக் கையில வெச்சுட்டு பிரஸ் விலை விசாரிச்சுட்டு இருக்காரு"ன்னாரு. அந்த இன்னொருத்தர் நம்பரை வாங்கி நானே கூப்பிட்டுச் சொன்னேன். இந்தக் கடிதத்தை எழுத உக்கார்றதுக்கு முன்னாடி காலையில ஒரு தடவை அந்த ஜர்னல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அஞ்சாவது பக்கத்துல என் படம் திரும்பின 'ட'வோட அப்படியேதான் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர், வேதியியல் துறை,
சேலம்.